ஒரு வருஷ வேலை, பன்னிரண்டு வருஷம்: கனூத் டெக்கை முடித்த கதை

இன்னிக்கு வரலாறு சொல்றதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு. ரெண்டு நிமிஷம்தான்.

போன வருஷம் ஆபீஸ்ல எனக்கு ஒரு சின்ன வேலை வந்துச்சு. பழைய சிஸ்டத்துல இருக்கிற கஸ்டமர் டேட்டாவைப் புதுசுக்கு மாத்துற ஸ்கிரிப்ட். ஒரே ஒரு தடவை ஓடும், அப்புறம் தூக்கிப் போட்டுடலாம். நாலு நாள் வேலை. நான் மூணு வாரம் எடுத்துக்கிட்டேன். ஃபங்ஷன் பேரை எல்லாம் மாத்தினேன். எரர் மெசேஜை திரும்பத் திரும்ப எழுதினேன். யாருமே கேட்காத ஒரு ரீட்ரை லாஜிக்கை ராத்திரி ஒன்றரை மணிக்கு மூணாவது தடவையா எழுதினேன். ஸ்கிரிப்ட் பிரமாதமா ஓடுச்சு. ஆனா அதுக்காகக் காத்திருந்த டெஸ்டிங் வேலை நேராப் போய் பொங்கல் லீவுக்குள்ள விழுந்துச்சு. டீம்ல இருந்த ஜூனியர் பையன் மதுரைக்கு எடுத்த டிக்கெட்டை கேன்சல் பண்ணினான். "பரவாயில்லண்ணா"ன்னான். அந்தப் "பரவாயில்லண்ணா" இன்னும் காதுலயே இருக்கு.

இன்டர்வியூவுல "உங்க வீக்னஸ் என்ன?"ன்னு கேட்டா, "நான் கொஞ்சம் பர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்"னு சொல்லிச் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு எனக்கு அன்னிக்கு நின்னு போச்சு. இதைப் பத்தி ஏதாவது படிக்கலாம்னு தேடினப்போ, சுய முன்னேற்றப் புத்தகம் எதுவும் ஒட்டலை. ஒட்டினது ஒரு மனுஷனோட வாழ்க்கை. நம்ம துறையில் இந்த வியாதிக்கு ஒரு குலதெய்வம் உண்டுன்னா அது அவர்தான். டொனால்ட் கனூத்.

காலேஜ்ல பேப்பரோ தீசிஸோ எழுதினவங்க லேடெக் பயன்படுத்தியிருப்பீங்க. அந்த லேடெக்கை உருவாக்கினவர் லெஸ்லி லாம்போர்ட். ஆனா அதுக்கு அடியில் எஞ்சினா ஓடுறது டெக். ஸ்பெல்லிங்கைப் பார்த்துட்டு டெக்ஸ்னு படிக்காதீங்க. கடைசியில இருக்கிறது கிரேக்க எழுத்து. அந்த டெக்கை எழுதினவர் கனூத். இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு புரோகிராமோட கதை.

கனூத் பிறந்தது 1938-ல், அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில். அப்பா ஆசிரியர், கூடவே சின்னதா ஒரு அச்சு வேலையும் வச்சிருந்தார். பையனுக்கு அச்சு மேல இருந்த கிறுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு இதுலயே தெரியும். 1962-ல் அவர் கால்டெக்கில் பிஎச்டி மாணவர், வயசு 24. அடிசன்-வெஸ்லி பதிப்பகம் வந்து, "கம்பைலர் எழுதுவது எப்படின்னு ஒரு புத்தகம் எழுதித் தர்றீங்களா?"ன்னு கேட்டது. சரின்னு சொல்லிட்டு 12 அத்தியாயத்துக்கு ஒரு பட்டியல் போட்டார். உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சவர் கையாலேயே 3000 பக்கம் எழுதிட்டார்.

இங்கேதான் சிரிப்பு. கையெழுத்தில் அஞ்சு பக்கம் சேர்ந்தா அச்சில் ஒரு பக்கம் வரும்னு அவர் ஒரு கணக்கு வச்சிருந்தார். பதிப்பகம் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, "இல்லை, ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பக்கம்"னு சொன்னது. அப்படின்னா மொத்தம் 2000 அச்சுப் பக்கம். கணினி அறிவியலில் உலகத்திலேயே பெரிய ஆட்களில் ஒருத்தர் போட்ட எஸ்டிமேட் மூணு மடங்குக்கு மேல தப்பு. அடுத்த ஸ்பிரின்ட் பிளானிங்ல யாராவது உங்களைத் திட்டினா இதை நினைச்சுக்கோங்க. கடைசியில் அந்த ஒரு புத்தகம் ஏழு தொகுதிகளாப் பிரிஞ்சது. அதுதான் 'கணினி நிரலாக்கக் கலை' வரிசை. முதல் தொகுதி 1968-ல், இரண்டாவது 1969-ல், மூன்றாவது 1973-ல் வெளிவந்தது.

முதல் தொகுதி வெளிவர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1967-ல், வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு ஏற்பட்டு கனூத் ஆஸ்பத்திரியில் படுத்தார். புத்தகம், ஆராய்ச்சி, பயணம், வீட்டில் ரெண்டு கைக்குழந்தைகள், எல்லாம் ஒரே வருஷத்தில். அவருக்கு அப்ப வயசு 29. எனக்கு இப்ப 28, என் பையில் எப்பவும் ஒரு அட்டை அசிடிட்டி மாத்திரை இருக்கும். அதனால இந்த இடத்தை என்னால சும்மா கடந்து போக முடியலை. பெரிய ஆட்களோட கதையில் இந்த மாதிரி விஷயத்தை "அவ்வளவு உழைச்சாரு"ன்னு ஒரு பதக்கம் மாதிரி மாட்டி வச்சுடுவாங்க. ரத்தக் கசிவு பதக்கம் இல்லை, மக்களே.

இதுல வேடிக்கை என்னன்னா, 1974-ல் அவர் எழுதின ஒரு கட்டுரையில்தான் நம்ம துறை முழுக்க இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கிற அந்தக் கருத்து இருக்கு: தேவை வர்றதுக்கு முன்னாடியே புரோகிராமை மெருகேத்தாதே, பெரும்பாலான இடங்களில் அந்தச் சின்னச் சின்ன வேகத்தை மறந்துடு, உண்மையிலேயே முக்கியமான அந்த 3 சதவீதத்தில் மட்டும் கை வை. சொன்னவர் இவர். அதே வருஷம் இவருக்கு டூரிங் விருதும் கிடைச்சது. மூணே வருஷம் கழிச்சு என்ன பண்ணினார்னு பாருங்க.

அதுக்கு முன்னாடி அச்சைப் பத்திக் கொஞ்சம். அவரோட முதல் தொகுதிகள் பழைய ஈய எழுத்து முறையில் அச்சானவை. மோனோடைப் மெஷின் உருக்கின உலோகத்தை ஊத்தி ஒவ்வொரு எழுத்தா வார்க்கும். கணிதச் சமன்பாடு வந்தா, அனுபவப்பட்ட அச்சுக்கோர்ப்பவர் ஒருத்தர் கையாலயே மேலயும் கீழயும் அடுக்குவார். பக்கம் அழகா வரும், செலவு எக்கச்சக்கம். 1970-களில் அந்த முறையே மறைய ஆரம்பிச்சது. அதனால இரண்டாம் தொகுதியின் திருத்திய பதிப்பை, புதுசா வந்த ஒளி அச்சுக்கோர்ப்பில் செஞ்சாங்க. 1977 மார்ச் 30-ஆம் தேதி அதோட கேலி புரூஃப் கனூத் கைக்கு வந்தது. நம்ம ஊர் அச்சகத்துலயும் அதுக்கு 'கேலி புரூஃப்'னுதான் பேர். இவரைப் பொறுத்தவரை அது நிஜமாவே கேலிதான். எழுத்துகளும் இடைவெளியும் பார்க்கச் சகிக்கலை. பதினைந்து வருஷ உழைப்பை இந்த மூஞ்சியோட வெளியே அனுப்ப அவருக்கு மனசு வரலை.

கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான், டிஜிட்டல் முறையில் தயாரான ஒரு புத்தகத்தோட புரூஃபைப் பார்த்திருந்தார். எழுத்துன்னா இனி ஈயம் இல்லை, வெறும் புள்ளிகள். மை இருந்தா 1, இல்லைன்னா 0. பூஜ்ஜியத்தையும் ஒண்ணையும் அடுக்குறது யார் வேலை? புரோகிராமர் வேலை. "அப்ப நானே பண்ணிடறேன்"னு முடிவு பண்ணிட்டார். இந்த வாக்கியத்தைச் சொல்லாத எஞ்சினியர் யாராவது இருந்தா கை தூக்குங்க.

1977 மே 13-ஆம் தேதி, டெக் எப்படி இருக்கணும்னு தனக்குத் தானே ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த வருஷம் 1978-ல் சபாட்டிகல் இருக்கு, அதுக்குள்ள முடிச்சுட்டு புத்தகத்துக்குத் திரும்பிடலாம்னு திட்டம். குறிப்பை மைக்கேல் பிளாஸ், ஃபிராங்க் லியாங்னு ரெண்டு மாணவர்களிடம் குடுத்துட்டு அந்தக் கோடையில் சீனாவுக்குப் போயிட்டார். திரும்பி வந்து பார்த்தா, அவங்க முடிச்சிருந்தது கொஞ்சம்தான். முதல்ல ஏமாற்றம். அப்புறம் தானே உட்கார்ந்து கோடு எழுத ஆரம்பிச்சார். அப்பதான் உறைச்சது: எல்லாம் தெளிவா எழுதிட்டோம்னு நினைச்ச குறிப்பில், வரிக்கு வரி ஏதாவது ஒரு முடிவு விட்டுப்போயிருக்கு. பசங்க அவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். இதைப் பிற்பாடு அவரே வெளிப்படையா எழுதினார். ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் எழுதிக் குடுத்துட்டு "இதுக்கு எதுக்கு இத்தனை நாள்?"னு கேட்கிறவங்க எல்லாரும் இதைப் படிக்கணும்.

டெக் மட்டும் போதாதுன்னு, எழுத்துருவை வரைய மெட்டாஃபாண்ட்னு இன்னொரு புரோகிராம். ஒவ்வொரு எழுத்தையும் கணிதச் சமன்பாடா மாத்தணும். மத்த எழுத்தெல்லாம் ஒரு வழியா வந்துடுச்சு. ஆங்கில எஸ் மட்டும் வரலை. அந்த ஒரு வளைவுக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். அவர் மனைவி ஜில் பார்த்துட்டு, "அதை எஸ் மாதிரியே வரைஞ்சா என்ன?"ன்னு கேட்டாங்களாம். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கோடு ரிவ்யூவர் தேவை.

ஒருவழியா 1981-ல், டெக்கில் தயாரான அந்த இரண்டாம் தொகுதி வெளிவந்தது. நாலு வருஷம் இதுக்காகத்தானே பாடுபட்டார்? புத்தகத்தைத் திறந்து பார்த்தப்போ அவருக்கு ஏமாற்றம்தான். நினைச்ச அழகு வரலை. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான். நமக்கெல்லாம் ஒரு கற்பனை உண்டு: இன்னும் ஒரு வாரம் குடுத்தா சரியாயிடும், அப்ப நிம்மதியா இருப்பேன். உலகத்தில் யாருக்கும் கிடைக்காத அளவு சுதந்திரமும் நேரமும் திறமையும் இருந்த ஒருத்தருக்கே அந்த நிம்மதி வரலை. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். டெக்கை முழுசாத் திரும்ப எழுதினார். எழுத்துருவையும் திரும்ப வரைந்தார். 1986-ல் எல்லாத்தையும் அஞ்சு தொகுதியா வெளியிட்டார், மூலக்கோடு உட்பட.

இந்த வருஷங்களில் அவர் பண்ணின ரெண்டு காரியத்தைப் பத்திதான் நான் நிறைய யோசிச்சேன்.

முதலாவது, பிழைகளுக்கு ஒரு நோட்டு. 1978-லேர்ந்து டெக்கில் தான் திருத்தின ஒவ்வொண்ணையும் வரிசையா எழுதி வச்சார். 1989-ல் அதைக் கட்டுரையா அச்சிட்டார். 800-க்கும் மேற்பட்ட திருத்தங்கள், 15 வகைகளாப் பிரிச்சு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு எழுத்து. ஒன்பது வகை உண்மையான தப்பு: சுத்த முட்டாள்தனம், மறந்துபோனது, டைப்பிங் பிழை, ரெண்டு பகுதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாதது, இப்படி. மீதி ஆறு வகை தப்பே இல்லை, மெருகேற்றல். அதாவது "உடைஞ்சதைச் சரி பண்ணினேன்" ஒரு பக்கம், "எனக்கு இன்னும் அழகா வேணும்னு மாத்தினேன்" இன்னொரு பக்கம். இந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன் என் பழைய ஸ்கிரிப்ட்டுக்கு. அந்த மூணு வாரத்தில் நான் பண்ணின மாற்றங்களில் உடைஞ்சதைச் சரி பண்ணினது ரெண்டே ரெண்டு. அந்த ரெண்டும் முதல் வாரத்திலேயே முடிஞ்சது.

சாதாரணமா பர்ஃபெக்‌ஷனிஸ்ட் தப்பை மறைப்பான், சின்ன பக் வந்தாலே கூனிக்குறுகிப் போவான். கனூத் தன்னோட முட்டாள்தனத்தை எண்ணி, பேர் வச்சு, அச்சில் போட்டார். புத்தகத்தில் பிழை கண்டுபிடிச்சவங்களுக்கு 2.56 டாலருக்குச் செக் அனுப்பினார். 256 சென்ட், எஞ்சினியர்களுக்குப் புரியும். டெக்கில் பிழை கண்டுபிடிச்சா பரிசு வருஷா வருஷம் இரட்டிப்பாகி, கடைசியில் 327.68 டாலரில் நின்னது. நிறைய பேர் அந்தச் செக்கை மாத்தாம ஃபிரேம் போட்டு மாட்டிக்கிட்டாங்க.

ரெண்டாவது காரியம் புரோகிராமுக்குள்ளேயே இருக்கு. ஒரு பத்தியை வரிகளா உடைக்கிறப்போ, சாதாரண புரோகிராம் ஒவ்வொரு வரியா நிரப்பிக்கிட்டே போகும். டெக் பத்தி முழுக்கப் பார்த்து முடிவெடுக்கும். இதுக்கு கனூத்தும் பிளாஸும் சேர்ந்து எழுதின அல்காரிதம் 1981-ல் வெளிவந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மதிப்பெண், ஆனா நல்லதுக்கு இல்லை, கெட்டதுக்கு. பேரே 'பேட்னெஸ்'. வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளியை இழுக்கவோ நசுக்கவோ தேவையே இல்லைன்னா 0. சகிக்கவே முடியாதுன்னா 10,000. கூடவே இன்னொரு எண், 'டாலரன்ஸ்'. எவ்வளவு கெட்டது வரைக்கும் தாங்கலாம்? டெக்கோட அடிப்படை அமைப்பில் முதல் சுற்றுக்கு 100. வார்த்தையை உடைக்காம அதுக்குள்ள அடங்கலைன்னா, ரெண்டாவது சுற்றில் வார்த்தையை உடைச்சுப் பார்க்கும். அப்ப அளவு 200. அதுலயும் முடியலைன்னா? மூணாவது, நாலாவதுன்னு ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்திருக்காது. வரியை அப்படியே வெளியே நீட்டி விட்டு, ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டையைப் போட்டு, 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்'னு உங்களுக்குச் சொல்லிட்டு அடுத்த பத்திக்குப் போயிடும்.

காலேஜ்ல அந்த மெசேஜைப் பார்த்து நான் எரிச்சல் பட்டிருக்கேன். இப்ப யோசிச்சா, அழகுக்குப் பேர் போன புரோகிராமுக்குள்ள வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதப்படற ஒரு எண் இருக்கு: இவ்வளவு அசிங்கம் பரவாயில்லை. எனக்கு என் ஸ்கிரிப்ட்ல அந்த எண் இல்லாம போச்சு.

சரி, முடிவுக்கு எப்படி வந்தார்? 1989-ல் ஸ்டான்ஃபோர்டில் டெக் பயனர்கள் கூடினாங்க. ஐரோப்பாவிலிருந்து வந்தவங்க, எங்க மொழி எழுத்துகளுக்கு 8 பிட் உள்ளீடு வேணும்னு கேட்டாங்க. நியாயமான கோரிக்கைன்னு ஒத்துக்கிட்டார். அதுதான் மூன்றாம் பதிப்பு. அதோட கதவைச் சாத்தினார். 1990-ல் ஒரு சின்ன அறிவிப்பு: என் வேலை முடிஞ்சது, இனி புது வசதி எதுவும் வராது, மோசமான பிழை இருந்தா மட்டும் திருத்துவேன். திருத்துற ஒவ்வொரு தடவையும் பதிப்பு எண்ணில் பையோட ஒரு இலக்கம் கூடும். 3.1, 3.14, 3.141. அவர் இறந்ததும் பதிப்பு எண் சரியாகப் பை ஆகும். அப்ப மிச்சம் இருக்கிற பிழை எல்லாம் வசதியாகிடும். மெட்டாஃபாண்டுக்கு இதே மாதிரி ஈ என்ற எண், 2.718-னு போகும்.

இதை எல்லாரும் ஒரு ஜோக்கா சொல்வாங்க. எனக்கு அது ஜோக்காத் தெரியலை. "இது எப்பவுமே முழுசாச் சரியாகாது, சரியை நோக்கி நெருங்கிக்கிட்டே இருக்கும், ஆனா நான் நிறுத்திட்டேன்"ங்கிறதை ஒருத்தர் பதிப்பு எண்ணிலேயே எழுதி வச்சிருக்கார். அவரோட பர்ஃபெக்‌ஷனிசம் குறைஞ்ச மாதிரி எனக்குப் படலை. எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறதுங்கிறதைத்தான் கட்டுப்படுத்தினார். பிழை ரிப்போர்ட் வந்த உடனே திறந்து பார்க்க மாட்டார். முதல்ல தன்னார்வலர்கள் சலிச்சு வைப்பாங்க. சில வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாத் திறப்பார், அந்த இடைவெளியும் ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷம் கூடிக்கிட்டே போகும். 2008, 2014, 2021. அடுத்தது 2029.

அதே 1990 ஜனவரி 1-லேர்ந்து இ-மெயிலையும் நிறுத்திட்டார். பதினஞ்சு வருஷம் பயன்படுத்தினது போதும்னு. கடிதம் எழுதினா, அதையும் மொத்தமாத்தான் பார்ப்பார்.

இந்த இடத்தில் "ஆக நண்பர்களே, நீங்களும் இ-மெயிலை நிறுத்துங்க"ன்னு நான் சொன்னா என்னை அடிக்கலாம். அவர் அப்ப ஸ்டான்ஃபோர்டில் நிரந்தரப் பேராசிரியரா இருந்தார். சபாட்டிகல் உண்டு. ஒரு வருஷம் பன்னிரண்டு ஆனாலும் வேலை போகாது. நமக்கு மண்டே காலையில் ஸ்டாண்ட்-அப்ல பதில் சொல்லணும். "கனூத் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கிட்டார், எனக்கு மூணு வாரம் குடுக்க மாட்டீங்களா?"ன்னு வாதாடவும் இந்தக் கதை உதவாது. ஏன்னா அதுக்கும் ஒரு விலை இருந்தது. மூன்றாம் தொகுதி வந்தது 1973-ல். நான்காம் தொகுதியின் முதல் பாகம் வந்தது 2011-ல். 38 வருஷம். எல்லாப் பழியும் டெக் மேல இல்லை, அந்தத் துறையே நடுவில் பல மடங்கு வளர்ந்துடுச்சு. இருந்தாலும் அவரோட நாற்பதுகளில் பெரும்பகுதி எழுத்து வடிவத்துக்கே போச்சு. இரண்டாம் பாகம் 2022-ல், அவருக்கு 84 வயசில் வந்தது. ஏழு தொகுதின்னு திட்டம் போட்ட வரிசையில் அஞ்சாவதுக்காக இன்னும் காத்திருக்கோம்.

அந்த விலை அவருக்கு மட்டும் இல்லை, அந்தத் தொகுதிகளுக்காகக் காத்திருந்த ஒரு தலைமுறை மாணவர்களுக்கும். மறுபக்கம், உலகம் முழுக்க கணிதக் கட்டுரைகள் இன்னிக்கும் டெக் வழியாத்தான் போகுது. அவர் நிறுத்தினதால வேற ஆட்களுக்கு இடமும் கிடைச்சது. மாத்திக்கோங்க, பேரை மட்டும் டெக்னு வைக்காதீங்கன்னு சொன்னார். அப்படி மத்தவங்க செஞ்சதுதான் பிடிஎஃப்டெக், ஸீடெக், லுவாடெக் எல்லாம். யூனிகோட் தமிழில் லேடெக் ஃபைல் எழுதறவங்க இன்னிக்கு நம்பி இருக்கிறது இந்த ஸீடெக்கையும் லுவாடெக்கையும்தான். கனூத்தோட டெக்கில் அது நேரடியா ஓடாது. எல்லாத்தையும் நானே முடிப்பேன்னு அவர் உட்கார்ந்திருந்தா இதெல்லாம் எப்ப வந்திருக்குமோ.

இந்த லாபநஷ்டக் கணக்கை என்னால நேர் பண்ண முடியலை. பன்னிரண்டு வருஷம் வீண்னு சொல்ல எனக்கு வாய் வராது. என் மூணு வாரம் வீண்னு தெளிவாச் சொல்வேன்.

ஆபீஸ்ல இப்ப ஒண்ணு மட்டும் மாத்தியிருக்கேன். டிக்கெட்டை எடுத்ததும், கோடு எழுதறதுக்கு முன்னாடி, கீழே ஒரு வரி போடறேன்: எதையெல்லாம் அசிங்கமாவே விடப் போறேன்னு. போன மாசம் ஒரு டிக்கெட்டில் அதை எழுத மறந்துட்டேன். அந்த மதுரைப் பையன் கமென்ட் போட்டிருந்தான்: "அண்ணா, டாலரன்ஸ் எவ்வளவு?" மறுபடி தேதி தள்ளிப் போயிடுமோன்னு பயம்தான் போல. இந்த வருஷப் பொங்கலுக்கு அவன் ஊருக்குப் போனான். நான் மட்டும் கடைசி நாள் ராத்திரி ஒரு எரர் மெசேஜை மாத்தினேன். ரெண்டு தடவைதான்.

இந்த எபிசோடில் தப்பு இருந்தா எழுதி அனுப்புங்க. 2.56 டாலர் எல்லாம் கிடையாது. மாசக் கடைசியில மொத்தமாத் திறந்து பார்ப்பேன்.